ஒரு மணி நேரம் என்று எழுதியவள்

அவளுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் கைராசி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் குடியிருந்தது. எங்கள் கூடத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் பதினோரு பேர். தும்மினால்கூட எத்தனை தும்மல், எந்தத் திசையில் என்று படம் போட்டுப் பார்க்கிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து கைராசி என்கிற சொல் கூசாமல் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். அவள் இன்னும் அந்த அறையிலேயே இருப்பதற்கு நானும் ஒரு காரணம். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

நான் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டு ஊசி குத்தியவன். கண்ணாடியின் தடிமனுக்காக என்னை சோடாபுட்டி என்பார்கள். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் சோடாபுட்டி. அவள் மட்டும் முன்னாலும் பின்னாலும் அண்ணே என்றாள். அதனால்தான் அவள்மேல் எனக்கு வந்த கோபம் அத்தனை பெரிய கோபமாக வந்தது.

முதலில் அவள் என்ன வேலை செய்தாள் என்று சொல்லிவிடுகிறேன். அவள் இரும்புத் தூள் செய்தாள். சிரிக்க வேண்டாம். துருவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்ற ஒரு கறுப்புத் தூள், காந்தம் இழுத்தால் வரும். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு துகள். தண்ணீரில் கலந்து இரத்தத்தில் செலுத்தினால் நல்ல ஈரல் அதை விழுங்கிவிடும், கட்டி விழுங்காது. ஸ்கேன் எடுத்தால் ஈரல் கறுப்பாகவும் கட்டி வெளுப்பாகவும் தெரியும். பட்டாணி அளவுக் கட்டிகூட ஒளிய முடியாது. அதே துகளின் முதுகில் மருந்தை ஏற்றி, உடம்புக்கு வெளியே காந்தத்தை வைத்து, நோய் இருக்கும் இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகவும் முடியும். எலிகளிடம் அதைச் செய்து பார்த்தாகிவிட்டது. அடுத்தது மனிதர்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ஆனால் வெறும் துகளை உடம்புக்குள் விட முடியாது. ஒன்றையொன்று பிடித்து இழுத்துக் கட்டி கட்டியாகி, போகிற வழியில் குழாயை அடைத்துத் தொலைக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பொருளால் ஒரு சட்டை போட வேண்டும். இரும்பு உப்புகளைக் கரைத்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஆரஞ்சு நிறம் கண்ணெதிரே கறுப்பாகும். அதைக் காந்தத்தின் மேல் வைத்து, தூளை அடியில் பிடித்துக்கொண்டு தண்ணீரை வடித்து, நாலைந்து முறை கழுவ வேண்டும். பிறகு டெக்ஸ்ட்ரான் கரைசலைச் சேர்த்து எண்பது டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். செய்முறைத் தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. ஒரு மணி நேரம்.

சட்டை சரியாக விழுந்ததா என்பதற்கு எங்கள் பரீட்சை மிகவும் எளிது. ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அலமாரியில் முப்பது நாள் வைப்போம். கறுப்பு மை போல அப்படியே இருந்தால் ‘பாட்டில் நிக்குது’ என்போம். அடியில் வண்டல் இறங்கி மேலே தண்ணீர் தெளிந்தால் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் பாட்டில் நிற்கும். வேறு யார் பாட்டிலும் நின்றதில்லை. மூன்று ஆண்டில் நாற்பத்தொரு பாட்டில். மற்றவர்களுடையது பத்தாம் நாளே காலை வாரிவிடும். தண்ணீர் சரியில்லை என்றார்கள், அம்மோனியா பழசு என்றார்கள், ஒரு முனைவர் ஜன்னல் வெயிலைக்கூடக் குற்றம் சொன்னார். ஆடத் தெரியாதவர்களுக்குக் கூடம் கோணலாகத்தானே இருக்கும். கடைசியில் எல்லோரும் களைத்துப்போய், “அது அவ கைராசிங்க” என்று விட்டுவிட்டார்கள். அவள் பிரிவின் தலைவியான டாக்டரம்மாவே முதல் பாட்டில் நின்ற அன்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம்.

அந்தக் கையே அவளுக்கு விலங்காயிற்று.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவரை இரயிலில் ஒன்பது மணி நேரத் தொலைவிலுள்ள ஓர் ஊருக்கு மாற்றியது. அங்கே அவருடைய அக்கா வீடு இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். மகளுக்கு ஏழு வயது. ‘ரெண்டே மாசம், நான் மாற்றல் வாங்கிட்டு வந்துடறேன்’ என்று சொல்லி, குழந்தையை அப்பாவோடு அனுப்பிவிட்டாள். அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் அவளுக்கு ஏற்ற இடமும் காலியாக இருந்தது. விண்ணப்பம் கொடுத்தாள். டாக்டரம்மா, “உன்னை விட்டா இதை யாரும்மா செய்வாங்க?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கொடுத்தாள், மறுபடி திரும்பிற்று. வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. மூன்றாவது முறை அழுதிருக்கிறாள். அப்போதுதான் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார்கள்: “யாருக்காவது கத்துக்கொடு. அவங்க பாட்டில் நின்ன மறுநாள் உனக்குக் கையெழுத்துப் போடறேன்.”

முதலில் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். மூன்று பாட்டில் விழுந்ததும் வேறு தலைப்புக்கு ஓடிவிட்டாள். அடுத்து ஒப்பந்த வேலையில் வந்தவர் ஒருவர். அவர் பாட்டிலும் விழுந்தது, அவருடைய ஒப்பந்தமும் விழுந்தது. மூன்றாவதாக என்னைப் பிடித்து அனுப்பினார்கள். ஐம்பத்து மூன்று வயதில், இருந்த நாற்காலியை விட்டு, புதுத் தொழில் கற்க. இங்கேயும் சரிப்படவில்லை என்றால் சாமான் கிடங்கில் போட்டுவிடுவார்கள் என்று சாடையாகச் சொல்லியும் அனுப்பினார்கள்.

முதல் நாளே மானம் போயிற்று. எங்கள் பழைய பிரிவில் கரைசல் கலக்க, அடியில் ஒரு தட்டும் பாத்திரத்துக்குள் மாத்திரை போல ஒரு வெள்ளைக் காந்தக் குச்சியும் வைப்போம். தட்டு சுற்றும், குச்சி கூடவே சுற்றும். பழக்கதோஷம். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நான் கெட்டிக்காரத்தனமாக அந்தக் குச்சியை அவள் பாத்திரத்தில் போட்டேன். அவ்வளவுதான். அரை நாள் வேலை செய்து உண்டாக்கிய தூள் முழுவதும், வெல்லத்தை எறும்பு மொய்ப்பது போல, குச்சியில் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பளிங்காக நின்றது.

அவள் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“அண்ணே, இது காந்தத் தூளுண்ணே! உள்ள போயி காந்தத்தைப் போட்டா அது சும்மா இருக்குமா?”

“தெரியும்மா. சோதிச்சுப் பார்த்தேன்.”

“நல்லா சோதிச்சீங்க போங்க. இங்க மேல இருந்து மோட்டார் வச்சு கண்ணாடிக் கம்பியாலதான் கலக்கணும். வாட்சையும் கழட்டி வச்சிடுங்க, அப்புறம் மணியும் நின்னு போயிடும்.”

அந்தச் சிரிப்பை அவளிடம் நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் மகளோடு போனில் பேசுவாள்; குழந்தை சாப்பிட வீட்டுக்கு வரும் நேரம் அது. நான் எதிரே உட்கார்ந்து என் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுப்பாடம் என்ன, தலை யார் பின்னினார்கள், பல் ஆடுகிறதா என்று கேட்பாள். பல் விழுந்தது, முளைத்தது, இன்னொன்று விழுந்தது. எல்லாம் போனில்தான். “என் பொண்ணு வாயில எத்தனை பல்லுன்னு எனக்கே கணக்குத் தெரியலண்ணே” என்று ஒரு நாள் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்தேன்.

ஆறு மாதம் கழுவவும் சொட்டு விடவும் பழகிய பிறகே என்னைத் தனியாகச் செய்யவிட்டார்கள். என் முதல் பாட்டில் பன்னிரண்டாம் நாள் விழுந்தது. இரண்டாவது பாட்டில் ஒன்பதாம் நாள். அவள் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். சொட்டு எண்ணினேன், டிகிரி பார்த்தேன், ஒரு மணி நேரத்தை நொடி பிசகாமல் அளந்தேன். தேநீர் நேரத்தில் ஒரு முனைவர் என் தோளைத் தட்டி, “சிலருக்கு அமையாது சார், விடுங்க” என்றார். இருபத்தாறு ஆண்டு பச்சைக் குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்தவன் நான். எனக்குக் கை சரியில்லையாம். வீட்டில் கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் நீட்டி நடுங்குகிறதா என்று பார்க்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதை யாரும் பார்க்காமல் நிதானமாகச் செய்யலாம் என்று ஒரு நாள் காலை ஆறரை மணிக்கே வந்துவிட்டேன். காவலாளியிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு இல்லை, ஆளும் இல்லை. ஆனால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. முந்தைய நாள் மாலை அவள் வைத்த பாத்திரத்தில் கண்ணாடிக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. சூடு அணைந்திருந்தது, பாத்திரம் சில்லென்று இருந்தது. பக்கத்தில் குறிப்பேடு. கலக்கிய நேரம் என்ற கட்டத்தில் அவள் கையெழுத்தில் ‘ஒரு மணி நேரம்’ என்று முந்தைய நாளே எழுதியிருந்தது.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான் நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறவன்; தன் பாத்திரத்தின் மோட்டாரை அவள் அணைத்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழு மணிக்கு அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“எவ்வளவு நேரமா ஓடுது?” என்றேன்.

அவள் கண் மோட்டார்மேல் போயிற்று.

“உன்னைத்தான் கேக்கறேன். கைராசி, கைராசின்னு ஊரே கும்பிடுதே, அந்தக் கைராசி எவ்வளவு நேரமா ஓடுது?”

“நேத்து மூணரையிலருந்து” என்றாள். பதினைந்தரை மணி நேரம்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். பெண்பிள்ளையிடம் பேசுகிற பேச்சில்லை. எட்டு மாதம் என்னை முட்டாளாக்கியவள். அந்த மாணவியை ஓடவிட்டவள். ஒரு மனிதனின் ஒப்பந்தத்தைக் கெடுத்தவள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவள் மோட்டாரை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, ஆதியோடந்தமாகச் சொன்னாள்.

மூன்று ஆண்டுக்கு முன்னால், ஒரு மாலை, டெக்ஸ்ட்ரான் சேர்த்துக் கலக்கத் தொடங்கிய அரை மணியில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்திருக்கிறது. மகளுக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. பதறி ஓடினவள் சூட்டை அணைத்தாள், மோட்டாரை மறந்தாள். மறுநாள் காலை வந்து பார்த்தால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லாமல் இயந்திரத்தை ஓடவிடுவது எங்கள் கூடத்தில் பெரிய குற்றம், வேலையே போகலாம். அதனால் ‘ஒரு மணி நேரம்’ என்று எழுதி வைத்தாள். எப்படியும் விழப்போகிற பாட்டில்தானே என்று நினைத்தாள்.

அந்தப் பாட்டில் நின்றது.

“அடுத்த தடவை ஒழுங்கா ஒரு மணி நேரம் செஞ்சேண்ணே. விழுந்துடுச்சு. யாருக்கும் தெரியாம கொட்டிட்டு, மறுபடி விடிய விடிய ஓட விட்டேன், நின்னுச்சு. அந்தச் சட்டை மெதுவாத்தான் உக்காரும்போல. அப்பவே சொல்லியிருக்கணும். அதுக்குள்ள டாக்டரம்மா வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிட்டாங்க. ஒரு மணி நேரம்னு அச்சாகி வந்துடுச்சு. எனக்குக் கேக் வெட்டினாங்க. அப்புறம் எந்த வாயால சொல்றது?”

“ஒரு நாளும் சொல்லணும்னு தோணலியா?”

“தினமும் தோணும். புலி வாலைப் பிடிச்சாச்சுண்ணே. விட்டா கடிக்கும். விடாட்டி அது கூடவே ஓடணும். மூணு வருஷமா ஓடறேன்.”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் கெட்டிக்காரிகூட இல்லை, பயந்தவள். பயந்தவள் புளுகு மூன்று ஆண்டு ஓடியிருக்கிறது. என் கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

பிறகு அவள் கேட்டாள். நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணே, உங்க மூணாவது பாட்டிலை இப்படியே செய்யுங்க. ஒரு மணி நேரம்னு எழுதிடுங்க. உங்க பாட்டில் நிக்கும். நான் போயிடறேன். அங்க அந்த இடத்தை அடுத்த மாசக் கடைசி வரைக்கும்தான் வச்சிருப்பாங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்.”

“அப்புறம்? நீ போயிடுவே. நான் இங்க உக்காந்து தினம் ராத்திரி மோட்டாரை ஓட்டி, ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம்னு எழுதணும். அடுத்த வருஷம் மனுஷனுக்கு ஊசி போடப்போறாங்க. இதைப் பெரிய கம்பெனில குடுத்துச் செய்யச் சொல்வாங்க. அவன் தாள்ல உள்ளபடி ஒரு மணி நேரம் கலக்குவான். அது யார் உடம்புல போயி அடைக்கும்?”

“அதுக்கு முன்னாடி அவங்களும் பாட்டிலை வச்சுப் பாப்பாங்கண்ணே...”

“பாப்பாங்கன்னு நீ எழுதிக் குடுக்கறியா?”

உண்மையைச் சொல்கிறேன், நோயாளியைப் பற்றிய கவலை பாதிதான். மீதிப் பாதி என்னைப் பற்றிய பயம். ஓய்வு பெற ஏழு ஆண்டு இருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள நான் தயாராக இல்லை.

ஆனால் மறுக்கவும் மனம் வரவில்லை. பாம்பும் சாக வேண்டும், பாம்படித்த கோலும் முறியக் கூடாது. யோசித்து யோசித்து நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். என் பாட்டிலை விடிய விடிய ஓட்டுவேன். உள்ளதை உள்ளபடி எழுதுவேன். டாக்டரம்மாவிடம், ‘தெரியாமல் மோட்டாரை அணைக்காமல் போய்விட்டேன்’ என்று சொல்வேன்; நின்ற பாட்டில் கையில் இருக்கும்போது வேலையைப் பறிக்காமல் திட்டோடு விட்டுவிடுவார்கள். பாட்டில் நிற்கும். இனிமேல் எல்லோரும் என் முறையில் செய்வார்கள், செய்முறை திருந்திவிடும். இவள் சத்தமில்லாமல் இரயில் ஏறிவிடுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. சொன்னபோது அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. நானும் என்னை மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலுக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செய்தேன். முப்பது நாள் தினமும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். பாட்டில் கறுகறுவென்று நின்றது. துகளின் அளவைக் கருவியில் பார்த்தோம். அச்சு அசல் அவள் செய்ததைப் போலவே இருந்தது. அவள் ஊருக்குப் போக இரண்டு பெட்டி கட்டி வைத்துவிட்டாள். மகளிடமும் சொல்லிவிட்டாள்.

முப்பத்தொன்றாம் நாள் இருவரும் டாக்டரம்மா அறைக்குப் போனோம். நான் பூனை போல நின்று, மோட்டாரை அணைக்காமல் போன கதையைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று பார்த்தால் அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்கள்.

“பதினாறு மணி நேரமா! அட, இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நேரம்தான் காரணமா? அப்படின்னா இவளுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துல எப்படி நிக்குது?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“இதைக் கண்டுபிடிச்சே ஆகணும். நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து செய்ங்க. நீ ஒரு மணி நேரம், இவர் பதினாறு. ஆளுக்கு மூணு. நானும் கூடவே உக்காந்திருக்கேன். அது முடிஞ்சதும் உன் மாற்றல்ல கையெழுத்துப் போடறேம்மா, சரியா?”

ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் போதும், எலும்பு கிடைத்த மாதிரிதான். இருபத்தாறு ஆண்டு அவர்களோடு இருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அவள் கேட்டபடி ஒரே ஒரு சொல் பொய்யாக எழுதியிருந்தால் டாக்டரம்மாவுக்குக் கேள்வியே எழுந்திருக்காது. அன்றே கையெழுத்து விழுந்திருக்கும். அரைப் பொய் சொல்லப்போய் அவளை முழுசாக மாட்டிவைத்தேன்.

எங்கள் அறைக்குத் திரும்பினோம். நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

“நாளைக்கு எனக்கு உடம்பு சரியில்லைன்னு போன் பண்ணிடறேன். ரெண்டு நாள் தள்ளிப் போகும். அதுக்குள்ள ஏதாவது...”

“போதும்ணே.”

“இல்லம்மா, கேளு, அவங்க அசந்த நேரத்துல பாட்டிலை மாத்தி வச்சிட்டா...”

“போதும்ணே. களைச்சுப் போச்சு.”

எங்கள் குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. தவறு என்றால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் உள்ளது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அவள் மூன்று ஆண்டுக் குறிப்பேடுகளையும் மேசைமேல் அடுக்கிக்கொண்டாள். முதல் ஏட்டைத் திறந்து, ‘ஒரு மணி நேரம்’ என்பதன்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். பக்கத்தில் ‘சுமார் பதினாறு மணி நேரம், மோட்டார் ஆளில்லாமல் ஓடியது’ என்று எழுதினாள். கையெழுத்து, தேதி. பிறகு இரண்டாவது. நாற்பத்தொன்றையும் போட்டாள். கொட்டிவிட்ட அந்த ஒரு பாட்டிலையும் மறக்காமல் ஒரு வரி சேர்த்தாள். ஒரு கோடும் கோணவில்லை. நான்தான் எதிரே உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கத்தியிருந்தால் தேவலை. அவர்கள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். பாதியில் நிறுத்தி, கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டார்கள்.

“நோயாளிக்கு ஊசி போட அனுமதி கேட்டுப் போன மாசம்தான் காகிதம் அனுப்பினேன். அதுலயும் ஒரு மணி நேரம்னுதான் இருக்கு. அதைத் திரும்ப வாங்கணும். பத்திரிகைக்கு எழுதணும். எலி வேலை எல்லாத்தையும் மறுபடி பாக்கணும்.” ஏட்டை மூடிவைத்து, “ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே பதினாறுன்னு எழுதியிருப்பேனே” என்றார்கள்.

“தெரியும் டாக்டர்.”

“இப்ப எந்த நாள் என்ன செஞ்சேங்கறது உனக்கு மட்டும்தான் தெரியும். விசாரணைக் குழு வைக்காம முடியாது. அது முடியற வரைக்கும் மாற்றல் குடுக்கவும் சட்டத்துல இடமில்ல. வேலையை விட்டுட்டும் போக முடியாது. நான் நெனச்சாலும் முடியாது.”

“எவ்வளவு நாளாகும் டாக்டர்?”

“நாற்பத்தொண்ணையும் மறுபடி செஞ்சு காட்டணும். ஒண்ணரை வருஷம். கூடவும் ஆகலாம்.”

அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. மனித உடம்புக்குள் போகிற பொருள். அவர்கள் செய்ததுதான் சரி. நேற்றுவரை கை நல்ல கை என்பதற்காக அவளை விடவில்லை. இன்றைக்கு அந்தக் கையை நம்ப முடியாது என்பதற்காக விடவில்லை. அவளுக்கு அறை ஒன்றுதான், மேசை ஒன்றுதான்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தோளைத் தட்டிய அதே முனைவர் வந்து, “சார், உங்களுக்கு நல்ல கை” என்றார். எழுத முடியாத பதில் ஒன்று சொன்னேன்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். கைராசி என்று இப்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சிலர் கூப்பிடுவதே இல்லை. காலை எட்டுக்கு வந்து, முதல் ஏட்டில் முதல் பக்கத்திலிருந்து மறுபடி செய்கிறாள். மோட்டார் ஓடும் நேரமெல்லாம் ஆள் இருக்க வேண்டும் என்று உத்தரவு. இருவரும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறோம். இதுவரை ஆறு முடிந்திருக்கிறது.

விசாரணை தொடங்கி மூன்றாம் மாதம் அவளுக்கு நாலு நாள் விடுப்பு கிடைத்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் போன் போடச் சொன்னாள். பாத்திரத்தை விட்டு நகர முடியாமல் அவள் கையுறையோடு இருந்ததால், நான்தான் எண்ணை அழுத்திப் போனை மேசைமேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டேன். முதலில் நாத்தனார் பேசினார். பிறகு குழந்தை வந்தது.

“கண்ணு, அம்மா வெள்ளிக்கிழமை வரேன்டா!”

“நிஜமாவா? எத்தனை நாள் இருப்பேம்மா?”

“நாலு நாள்டா தங்கம்.”

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது போல ஏதோ கேட்டது. பிறகு அந்தக் குழந்தை, வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பெரியவர்கள் சொல்வதைப் போலப் பொறுப்பாகச் சொன்னது:

“சரிம்மா. நீ என் கட்டில்ல படுத்துக்க, புதுப் போர்வை எடுத்து வைக்கறேன். எனக்கொண்ணும் கஷ்டமில்ல. நான் எப்பவும் போல அத்தைகிட்ட படுத்துக்கறேன்.”

“சரிடா கண்ணு” என்றாள் அவள். போனை அணைக்கக் கையை நீட்டியவளுக்குக் கையுறை இருப்பது அப்போதுதான் நினைவு வந்தது. நான் எட்டி அணைத்தேன்.